கெட்டுப்போன குப்பி

"நான்தான் சார் கெடுத்தேன். குப்பியை வெளியில வச்சிட்டு மறந்துட்டேன்."

ஆய்வுக்கூடத் தலைவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "நீயா? மணி பார்த்து மூச்சு விடுறவள்னுதானே உனக்குக் 'கடிகாரம்'னு பேரு வச்சேன்?"

ரத்தப் பரிசோதனை செய்யும் அவள் சிரிக்கவில்லை.

குப்பியில் இருந்தது ஓர் ஆன்டிபாடி. ரத்தத்திலுள்ள எத்தனையோ அணுக்களில், உடம்பின் காவலுக்கு ஆள் திரட்டும் உதவி டி செல்களை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதோடு சேர்ந்த சாயம் ஒளிரும், இயந்திரம் எண்ணும். வெயில் பட்டால் சாயம் போச்சு.

எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தோடு தினமும் நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் ஓட்டிப் பார்ப்பார்கள். 'நலம்' என்று மட்டும் எழுதிய அந்தக் குழாயில் எண்ணிக்கை ஐந்நூறுக்கு மேல் வந்தால்தான் மற்ற முடிவுகளை நம்பலாம். இன்று வந்தது இருநூற்று ஒன்பது.

"எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சு?"

"பத்து நிமிஷம் சார்."

"பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆகாதும்மா."

"அரை மணி இருக்கும் சார். ஜன்னலோரம். நல்ல வெயில்."

தலைவர் காகிதங்களைப் புரட்டினார். "நோயாளிங்க பன்னெண்டு பேருக்கும் போன தடவை வந்த கணக்கை ஒட்டித்தானே வந்திருக்கு? குப்பி கெட்டிருந்தா எல்லாருக்கும்ல இறங்கணும்?"

"தற்செயலா இருக்கும் சார். ஒரு மணி நேரம்கூட இருந்திருக்கும். நல்லா ஞாபகம் வருது."

"என்னம்மா இது, நிமிஷத்துக்கு நிமிஷம் ஏத்திக்கிட்டே போற? குப்பி என்ன விலைன்னு தெரியும்ல? மேலிடத்துக்குத் தெரிஞ்சா உன் வேலையே போயிடும்."

"போகட்டும் சார். இப்பவே எழுதிக் குடுக்கிறேன்."

"கொலை பண்ணினவன்கூட இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்க மாட்டான்!" என்று முணுமுணுத்தபடி, குளிர்பெட்டியிலிருந்து சீல் உடைக்காத புதுக் குப்பியை எடுத்தார். 'நலம்' குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி சேர்த்து, இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

இருபது நிமிடம். அவள் உட்காரவே இல்லை. துடைத்த மேசையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

இயந்திரம் எண்ணத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருநூற்றுப் பன்னெண்டு!" தலைவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா? பழைய குப்பி நல்லாத்தான் இருக்கு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. போ, போய் நிம்மதியா ஒரு காபி குடி."

அவள் பொத்தென்று நாற்காலியில் விழுந்தாள்.

தலைவரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அப்போ... கோளாறு ரத்தத்துலதான். நம்ம ஆளுங்கதானே முறை வச்சுக் குடுக்குறீங்க? இன்னிக்கு யாரு? பாவம், அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது?" சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை நோக்கி நடந்தார்.

"சொல்ல வேணாம் சார்" என்றாள் அவள். வெள்ளைக் கோட்டின் இடது கையை மெல்லச் சுருட்டினாள். காலையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது.