லென்ஸின் மேல் ஒரு மீன்கொத்தி

"மீன்கொத்தி என் லென்ஸ் மேலயே வந்து உக்காந்துச்சு. வாயில மீன். அந்த மீனை லென்ஸ்லயே நாலு அடி அடிச்சு, சாவகாசமா முழுங்கிட்டு, அலகை என் தொப்பியில துடைச்சுட்டுப் போச்சு."

லிஃப்ட் மெக்கானிக் இதைச் சொல்லி முடித்தபோது, புகைப்படக் கழகத்தின் ஆண்டுப் போட்டிக்கு வந்திருந்த இருபத்திரண்டு பேரும் டீயைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். இருபத்துமூன்றாவது ஆள் மட்டும் விடாமல் உறிஞ்சினார். அவர் பல் டாக்டர்.

"முழுங்கினதும் ஏப்பம் விட்டுச்சா, சம்பந்தி?"

கூரை பறக்காத குறையாகச் சிரிப்பு எழுந்தது. டாக்டரின் மகளைக் கட்டியவன் மெக்கானிக்கின் மகன். அந்த உறவு மட்டும் இல்லையென்றால் டாக்டர் இன்னும் கடுமையாகக் கேட்டிருப்பார்.

காரணம் இருந்தது. டாக்டரின் லென்ஸ் வழியாகப் பார்த்தால் நிலாவில் எறும்பு ஊர்வது தெரியும். மெக்கானிக்கின் கேமராவோ மூன்று கை மாறியது. அதன் மூடி சைக்கிள் ட்யூப் ரப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆறு வருடமாக முதல் பரிசு மெக்கானிக்குக்கு, இரண்டாம் பரிசு டாக்டருக்கு. டாக்டர் வீட்டு அலமாரியில் இருந்த ஆறு வெள்ளிக் கோப்பைகளும் அவரைப் பார்த்துப் பல்லிளித்தன. பல் பிடுங்கும் நேரத்தில் சம்பந்தியின் ஞாபகம் வந்துவிட்டால் நோயாளி பாடு திண்டாட்டம்தான். இந்த வருடமாவது முதல் பரிசு வாங்காவிட்டால் கேமராவை விற்றுவிடுவதாக மனைவியிடம் சபதம் செய்துவிட்டு வந்திருந்தார்.

"சரி, படம் எங்க?" என்றார்.

"லென்ஸ் மேல உக்காந்ததை அதே லென்ஸ்ல எப்படிங்க எடுக்கறது? கேமராவுக்குக் கழுத்தா இருக்கு, திரும்பிப் பார்க்க?"

"அப்ப சாட்சி?"

"மீன் இருந்துச்சு. அதையும் தின்னுடுச்சு."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அது மெக்கானிக்கின் பக்கம். டாக்டருக்குக் காதுவரை எரிந்தது.

"அவர் புளுகினாலும் ரசிக்கறீங்க. நான் நிஜம் சொன்னா கொட்டாவி விடறீங்க" என்றார், பக்கத்திலிருந்த செயலாளர் அம்மாவிடம்.

"நீங்க நிஜத்தை எக்ஸ்ரே மாதிரி காட்டறீங்க டாக்டர். கறுப்பு வெள்ளையில."

"இதோ பாருங்க, மனுஷன் மூச்சு விட்டாலே மீன்கொத்தி பறந்துடும். இப்படி ஒண்ணு நடக்கவே இல்லை. எழுதித் தர்றேன்."

வேறு கழகத்திலிருந்து வந்திருந்த நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லாம் பத்து நாள் முன்பே ஒப்படைத்த படங்கள். படத்தில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர்கள் செயலாளர் அம்மாவிடம் ஒட்டிய உறைக்குள். தீர்ப்புக்குப் பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

மூன்றாம் இடம், நான்காம் எண். சிலந்தி வலை. இரண்டாம் இடம், ஒன்பதாம் எண். நனைந்த நாய் ஒன்று உடம்பை உதறும் படம். ஒவ்வொரு துளியையும் தனித்தனியாக எண்ணலாம். அது யாருடையது என்று உறையைப் பிரிக்காமலே எல்லாருக்கும் தெரிந்தது. மெக்கானிக் தன் நாயைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். அந்தப் பற்களில் இரண்டு டாக்டர் கட்டிக்கொடுத்தவை.

"முதல் இடம், பதினேழு" என்று நடுவர் கடைசிப் படத்தைத் திருப்பி வைத்தார்.

நைந்த மஞ்சள் தொப்பி ஒன்று. அதற்குக் கீழே முகத்தை மறைக்கும் கேமரா. லென்ஸின் மேல் நீலமாக ஒரு மீன்கொத்தி, அலகைத் தொப்பியின் விளிம்பில் துடைத்துக்கொண்டிருந்தது.

"இருபது வருஷத்துல இப்படி ஒரு படம் நான் பார்த்ததில்லை" என்றார் நடுவர். "அதனாலதான் சந்தேகமா இருக்கு. இயற்கைப் பிரிவுல கம்ப்யூட்டர் ஒட்டு வேலை கூடாது. எடுத்தவர் எழுந்து, இது நடந்துச்சு, கண்ணால பார்த்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். இல்லேன்னா இதை ஒதுக்கிட்டு ஒன்பதாம் நம்பருக்கு முதல் பரிசு."

எல்லாத் தலைகளும் மெக்கானிக் பக்கம் திரும்பின.

"என்னை ஏன் பார்க்கறீங்க? அதுல நிக்கறதே நான்தான். அன்னிக்கு ஏரிக்கரையில என்னை விட்டா ஈ காக்கா இல்லைங்க."

நடுவர் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் சம்மட்டி போல அடித்தது. யாரும் எழவில்லை. ஏழாவது கோப்பையும் மெக்கானிக் வீட்டுக்குக் கிளம்பத் தயாரானது. நடுவர் பதினேழாம் எண்ணை எடுத்து ஓரமாக வைக்கப் போனபோது, ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பல் டாக்டர் எழுந்து நின்றார்.

"உங்க ஆட்சேபணை எங்களுக்குத் தெரியும் டாக்டர். உக்காருங்க" என்றார் செயலாளர் அம்மா.

"ஆட்சேபணை இல்லைம்மா." டாக்டர் சம்பந்தியைப் பார்க்காமல் நடுவரைப் பார்த்தார். "இவர் எங்க போய்த்தான் இப்படியெல்லாம் படம் எடுக்கறார்னு தெரிஞ்சுக்க, அஞ்சு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம இவர் பின்னாலேயே போறேன். அன்னிக்கும் கோரைப்புல்லுக்குள்ள, முழங்கால் சேத்துல உக்காந்திருந்தேன். முகம் தெரியலையேங்கற தைரியத்துல படத்தை அனுப்பிட்டேன். இவர் வந்து இப்படி வாயைத் திறப்பார்னு யார் கண்டது. பதினேழு என்னோடதுங்க. நடந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."