கிளி சொன்ன அர்த்தம்

"நான் சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள, என் சோத்துல இந்த அணில் வந்து உக்காந்துக்கிட்டு, 'வாங்க, நீங்களும் சாப்பிடுங்க'ன்னு என்னையே உபசரிக்குது!"

காக்கை இதை மூன்றாவது தடவையாகச் சொல்லிக் கத்தியது. மதில்மேல் காக்கைக்கென்று வைத்த சோற்றில், அணில் பருப்பு இருக்கும் பக்கமாகப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தது.

பக்கத்துக் கூண்டில் இருந்தது டீச்சர் வீட்டுக் கிளி. அர்த்தம் சொல்லாமல் அதால் இருக்க முடியாது.

"கத்தாதே. இங்கிலீஷ்ல இதுக்கு 'பிரேசன்'னு பேரு."

"திருட்டுன்னு அர்த்தமா அக்கா?" என்றது காக்கை.

"அசடே! திருடன் ஒளிஞ்சு எடுப்பான். 'பிரேசன்'னா பொருளுக்குச் சொந்தக்காரன் பார்க்கப் பார்க்க எடுக்கணும். துளிக்கூடக் கூச்சப்படக் கூடாது. கேட்டா மூஞ்சியைப் பார்த்துப் பதிலும் சொல்லணும்."

அணில் வாயைத் துடைத்துக்கொண்டு கூண்டருகே வந்தது. "எவ்வளவு தெளிவா சொல்றீங்க அக்கா! ஒரு உதாரணம்?"

பெருமையில் கிளியின் கழுத்து நீண்டது. அது உதாரணம் தேடுவதற்குள், அணில் கம்பிக்குள் நுழைந்து, கிளியின் முகத்தைப் பார்த்தபடியே கொய்யாத் துண்டை வெளியே இழுத்தது. கிளி சாயங்காலத்துக்கென்று வைத்திருந்த ஒரே துண்டு.

"ஐயோ, திருடன்!"

"சேச்சே, நீங்கதான் பார்த்துக்கிட்டே இருக்கீங்களே அக்கா!"

அணில் பாதியைக் காக்கைப் பக்கம் தள்ளியது. "வாங்க, நீங்களும் சாப்பிடுங்க."

காக்கை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு சொந்தக்காரர் யாரையும் கூப்பிடாமலே சாப்பிட உட்கார்ந்தது.

மதில்மேல் இரண்டு வாயும் நிறைந்திருந்தன.

"ஒரு கடியாவது எனக்கு வையுங்களேன்!" என்றது கிளி.