உறையின் மேல் ஒரு வரி

மாத்தளைக் கடைத்தெருவின் பின்னேர வெயில் மருந்தகக் கண்ணாடியில் மங்குகிறது. காலையிலிருந்து கவுண்டருக்குள் நிற்கும் மருந்தாளர் வாகினி, கால் மாற்றி நின்று, டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை மீண்டும் வாசிக்கிறாள். அதில் இருப்பது ஆண்மைக் குறைவுக்கென்று ஊரே அறிந்த மாத்திரை. எதிரே அன்ஸாப், தோளில் மூச்சு இழுக்கும் எட்டு மாதக் குழந்தை.

“ரெண்டு கடையில சிரிச்சாங்க மிஸ். எனக்கில்ல, புள்ளைக்கு.”

“நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் குடுக்கிறதுதான். ஆனா அளவை டொக்டரிட்டக் கேக்காமத் தரமாட்டன்.”

“ஊருக்குப் போற கலேவெல பஸ் போயிருமே!”

மூன்றாம் அழைப்பில்தான் டொக்டர் எடுக்கிறார். அவர் சொல்லும் அளவைத் திருப்பிச் சொல்லி, குழந்தையின் எடையோடு சரிபார்த்து, மாத்திரையைப் பொடித்துச் சிறு பொட்டலங்களாக மடிக்கிறாள். ஹோர்ன் அடித்தபடி பஸ் கடந்து போகிறது. பொட்டலங்களை இட்ட உறையில் அளவுக்குக் கீழே இன்னொரு வரி எழுதுகிறாள்: ‘குழந்தையின் நுரையீரலுக்கு.’ அன்ஸாப் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, எழுத்து வெளியே தெரியும்படி சட்டைப் பையில் வைக்கிறான்.