எட்டு கிலோ நூறு

"குழந்தைக்கு இப்ப எதுவும் கொடுத்துடாதே. எடை போட்டப்புறம்தான்."

குழந்தைகள் மையத்து டீச்சர் இப்படிச் சொன்னதும், அந்தத் தாய் பையிலிருந்து எடுத்த பன்னைத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். மடியிலிருந்த இரண்டு வயசுப் பெண் குழந்தை அழ ஆரம்பித்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் விட்டு விட்டு அழுதது.

டீச்சருக்கு நேரம் சரியில்லை. வாசலில் காரை விட்டு இறங்கிய நகரசபைத் தலைவியின் காதில் ஒரு வார்த்தை விடாமல் விழுந்துவிட்டது.

தலைவிக்குப் பின்னால் ஃபைலோடு சுகாதார அதிகாரி. அவருக்குப் பின்னால் ஒரு பத்திரிகை போட்டோகிராபர்.

'எங்கள் ஊரில் பசியால் வாடும் குழந்தை ஒன்றுகூட இருக்காது' என்று முப்பது ஊர்த் தலைவர்கள் ஒன்றுகூடி உறுதிமொழி எடுத்து ஒரு வருஷமாகிறது. அந்த முப்பது பேரையும் நேரில் போய்ப் பேசி, கெஞ்சி, சண்டை போட்டுக் கூட்டிச் சேர்த்தவரே இந்தத் தலைவிதான். நாளைக்குக் காலையில் மறுபடியும் கூட்டம். யார் ஊரில் எத்தனை குழந்தைகள் பாக்கி என்று ஒவ்வொருவராக மேடையேறிச் சொல்ல வேண்டும்.

இந்த ஊர்ப் பட்டியலில் பாக்கி ஒரே ஒரு பெயர். அந்தக் குழந்தையைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

"பசிக்கிற குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கத்தான் உங்களை இங்க வெச்சிருக்கு. நீங்க என்னடான்னா கொடுக்கிறவ கையையும் தடுக்கறீங்க!"

டீச்சர் பதறி எழுந்தாள். "இல்ல மேடம், எடை..."

"எடை எங்க ஓடிப் போகுது? குழந்தை முகத்தைப் பாருங்க. உங்க வயித்துல பிறந்திருந்தா இப்படிச் செய்வீங்களா?"

"அக்கா மேல தப்பில்லீங்க" என்றாள் தாய். "நானேதான் காலையில இருந்து ஒண்ணும் கொடுக்காம கூட்டிட்டு வந்தேன்."

"நல்லா இருக்கு! பெத்தவளும் சேர்ந்துதான் பட்டினி போடறீங்களா?"

"மேடம், டீச்சருக்கு ஒரு மெமோ கொடுத்துடலாம்" என்று அதிகாரி எடுத்துக்கொடுத்தார்.

தலைவி அதைக் காதில் வாங்கவில்லை. டிரைவரை அனுப்பி எதிர்க்கடையில் பெரிய டம்ளர் நிறையப் பால் வாங்கி வரச் சொன்னார். தரையில் உட்கார்ந்து குழந்தையைத் தன் மடியில் போட்டுக்கொண்டார். பாலை ஊதி ஊதி ஆற்றினார். சும்மா சொல்லக் கூடாது, போட்டோவுக்காகச் செய்யவில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்த கை அது.

குழந்தை வாயை எடுக்காமல் குடித்தது.

"போதுங்க. பாதி போதும்" என்றாள் தாய்.

"நீ சும்மா இரும்மா. முழுசையும் குடிக்கட்டும்."

டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டம்ளர் காலியானது. "இப்ப போடுங்க உங்க எடையை!" என்றார் தலைவி.

அதிகாரியே குழந்தையைத் தூக்கி எடை மெஷினில் உட்கார வைத்தார். எண்ணைப் பார்த்ததும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எட்டு கிலோ இருநூறு மேடம்! இந்த வயசுக்குச் சிவப்புக் கோடு எட்டு கிலோ நூறுதான். அதுக்குக் கீழ இருந்தாதான் பட்டியல்ல வரும். தாண்டிடுச்சு! இனிமே நம்ம ஊர்ல ஒண்ணுகூட இல்ல. முப்பது ஊர்ல நாமதான் முதல்!"

சொன்ன கையோடு பட்டியலில் இருந்த அந்த ஒரு பெயரையும் அடித்தார். போட்டோகிராபர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார்.

டீச்சர் சிரிக்கவில்லை.

"மேடம், நீங்க கொடுத்த பால் மட்டுமே இருநூறு கிராம். அதைக் கழிச்சா குழந்தை எட்டு கிலோதான். கோட்டுக்குக் கீழதான் இருக்கா. கோட்டைத் தாண்டிட்டான்னு எழுதினா, மாசாமாசம் கொடுக்கிற சத்துமாவு பாக்கெட் நின்னுடும். அதுக்குப் பயந்துதான் வெறும் வயித்தோட கூட்டிட்டு வரச் சொன்னேன்."



"அந்த மாவைத்தான் இவளும் இவ அண்ணனும் பங்கு போட்டுச் சாப்பிடறாங்க" என்றாள் தாய், யாரையும் பார்க்காமல்.

தலைவியின் முகம் வாடிவிட்டது. குழந்தையைப் பார்த்தார். அது வயிறு நிறைந்த சுகத்தில் அவர் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட மறுபடி எடை போட்டா என்ன?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"தாராளமா போடலாம் மேடம்" என்றார் அதிகாரி. "ஆனா கூட்டமும் நாளைக்குக் காலையிலதான். அத்தனை ஊர்க்காரங்க முன்னாடியும், எங்க ஊர்ல ஒண்ணு பாக்கின்னு நீங்கதான் மேடையில சொல்லணும். கூட்டத்தைக் கூட்டினவங்களே அப்படிச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

தலைவி ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை வாங்கி, அடித்திருந்த பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

போகும்போது கைக்குட்டையை எடுத்து, குழந்தையின் வாயோரம் ஒட்டியிருந்த பாலைத் துடைத்துவிட்டார். "நல்லா பார்த்துக்கம்மா" என்றார். குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

கார் புறப்பட்டுப் போனது.

தாய் பையிலிருந்த பன்னை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். டீச்சர் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அழாதே. மாவு நின்னுட்டா எப்படியும் ஒரு மாசத்துல இளைச்சிடுவா. அப்ப மறுபடியும் பேரைச் சேர்த்துடலாம். காலையில எதுவும் கொடுக்காம கூட்டிட்டு வா."