பிரசங்கம் முடியும்வரை

"தையல்காரம்மா, ஒரு நிமிஷம்."

சபையின் ஆண்டு விழா அன்று, ஆராதனை தொடங்கும் முன்பே போதகர் அவளைக் கோயில் வாசலில் நிறுத்தினார்.

"வாராவாரம் நான் பிரசங்கத்த ஆரம்பிச்சதும் எழுந்து போறீங்க. கடைசிப் பாட்டுக்குத்தான் திரும்பி வர்றீங்க. என் பேச்சு அவ்ளோ கசக்குதா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா."

"அப்ப எங்க போறீங்க?"

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள்.

"இன்னைக்கு வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க. என் மானத்த வாங்காம கடைசிவரைக்கும் உக்காருங்க."

உட்கார்ந்தாள். பிரசங்கத்தின் நடுவே எழப் பார்த்தாள். போதகர் மேடையிலிருந்தே முறைத்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தெம்பில் பிரசங்கம் வழக்கத்தைவிட நீண்டது.

விருந்து முடிந்ததும் போதகர் தன் அம்மாவுக்கு ஒரு தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு, கோயிலை ஒட்டிய தன் வீட்டுக்குள் நுழைந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா சுவரைப் பார்த்துக் கிடந்தாள். விரிப்பு நனைந்து, கட்டிலுக்கடியில் தரை ஈரமாக இருந்தது.

"என்னம்மா இது? ஞாயித்துக்கிழமைல நான் வர்றவரைக்கும் அடக்கிக்குவியே?"

"எங்க அடக்கினேன்? வாராவாரம் அந்தத் தையல்காரப் பொண்ணுதான் வந்து எல்லாம் பண்ணிட்டுப் போவா. எனக்கு வெக்கமா இருக்கு, என் மகன்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டிருந்தேன்."

அம்மா இன்னும் திரும்பவில்லை.

"வராம இருக்கிறவ இல்ல அவ. உடம்புக்கு என்னமோ, ஒரு எட்டு போய் விசாரிச்சுட்டு வாப்பா."