அப்பா கை

கதவு திறந்தே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த விஜயலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்தில் தம்பி கருணாகரன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அவனுடைய நாலு மாதக் குழந்தை நிஷா. பக்கத்தில் ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெய். பஞ்சை அதில் தோய்த்துக் குழந்தையின் உச்சந்தலையில் ஒற்றிக்கொண்டிருந்தான்.

"மேடம், கொஞ்சம் அசையாம இருங்க. உங்க வேலைதான் நடந்துட்டிருக்கு" என்றான், பேங்க் கவுண்ட்டரில் பேசுகிற அதே குரலில்.

அவன் மனைவி ரத்னா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். கேபிளில் பழைய படம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணி" என்று எழுந்தாள்.

கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர் வந்த களைப்பு மொத்தமும் விஜயலக்ஷ்மிக்குக் கோபமாக மாறியது.

"என்னடா இது?"

"பாப்பா தலையில பொருக்கு தட்டியிருக்குக்கா. செதில் செதிலா உதிருது. எண்ணெய் வச்சு ஊறவிட்டு, பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சு எடுக்கணும்."

"அது தெரியுது. நீ ஏன் பண்றே?"

"டாக்டர் சொல்லியிருக்கார். அம்மா கை சூடாம், பட்டா ஜாஸ்தியாயிடுமாம். அப்பா கைதான் ஆகுமாம்."

விஜயலக்ஷ்மி ரத்னாவைப் பார்த்தாள். ரத்னா பத்திரிகையைப் பார்த்தாள்.

"டாக்டர் உன்கிட்டயா சொன்னார்?"

"இல்ல, ரத்னாகிட்ட. எனக்கு அன்னிக்கு ஆடிட்டிங்."

இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் விஜயலக்ஷ்மி. இப்படி ஒரு வைத்தியத்தை அவள் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

"சாயந்திரம் நானும் ரத்னாவும் குழந்தையைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போறோம். நீ வீட்டுல இரு."

"இப்பதானே அண்ணி, போன வாரம்தான்..." ரத்னா இழுத்தாள்.

"பரவாயில்லை. நானும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

லஸ் கார்னரில் அந்த டாக்டரின் கிளினிக். குழந்தையின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா குறைஞ்சிருக்கே. பிச்சு எடுக்காம பொறுமையா பண்ணியிருக்கீங்க."

"ஏன் டாக்டர், அம்மா கை படவே கூடாதா?" என்றாள் விஜயலக்ஷ்மி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னது?"

ரத்னா அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள்.

"யார் வேணும்னாலும் தடவலாம்மா. கையைக் கழுவிட்டுத் தடவணும், அவ்வளவுதான். இது நிறையக் குழந்தைகளுக்கு வர்றதுதான், கொஞ்ச நாள்ல தானாவே போயிடும்."

திரும்பும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே ரத்னா ஆரம்பித்தாள்.

"அண்ணி, திட்டறதுன்னா இங்கயே திட்டிடுங்க. அவர் எதிர்ல வேண்டாம்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"குழந்தை பொறந்ததுலேர்ந்து அவர் தூக்கவே இல்லை அண்ணி. கைதவறிடும்னு பயம். கழுத்து நிக்கட்டும்னார். நின்னுச்சு. அப்புறம், உக்காரட்டும்னார். விட்டா காலேஜ் போகட்டும்னு சொல்லிடுவார் போலிருந்தது. எட்ட நின்னு சொடக்குப் போட்டுட்டு பேப்பரை எடுத்துக்குவார். நானா கையில குடுத்தா வேர்த்துக் கொட்டும். அந்த நேரம் பாத்து இவ தலையில இது வந்தது. நான் கெஞ்சினா கேக்க மாட்டார், டாக்டர் சொன்னா கேப்பார்னுதான்..."

"அப்ப சோபாவுல பத்திரிகை?"

"எங்க அண்ணி படிக்கறேன்? முதல் நாள் அவர் கை நடுங்கின நடுக்கத்துக்கு நான் பத்திரிகையைத் தலைகீழா பிடிச்சிருந்தேன். இப்ப பாருங்க, ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமா கையைக் கழுவிட்டு வந்து நிக்கறார்."

விஜயலக்ஷ்மி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனா பெரியவனுக்கு அவர்கிட்ட ஏதாவது கேக்கணும்னா இன்னிக்கும் என்னைத்தான் அனுப்பறான். பக்கத்து ரூம்தான்."

ரத்னா குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள்.

கருணாகரன் வாசல் கேட்டிலேயே நின்றிருந்தான். ஆட்டோ நிற்பதற்குள் கையை நீட்டினான். நிஷா அவனைப் பார்த்ததும் காலை உதைத்துக்கொண்டு தாவினாள். வாங்கித் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் மற்ற இருவரையும் பார்த்தான்.

"டாக்டர் என்னக்கா சொன்னார்? நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?"

ரத்னா நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

விஜயலக்ஷ்மி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"ரொம்பக் கோவிச்சுக்கிட்டார்டா. எண்ணெய் தடவிட்டா மட்டும் போதுமான்னு கேட்டார். இனிமே குளிப்பாட்டறது, பவுடர் போடறது, அழுதா தூக்கிட்டு உலாத்தறது எல்லாத்துக்குமே அப்பா கைதான் ஆகுமாம்."