மூணு தடவை

"மாட்டினவரே உட்கார மாட்டேங்கிறார்னா என்ன சார் அர்த்தம்?"

ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் கேட்டார் கணக்கு வாத்தியார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு எட்டு மாதம். போன வாரம் கார் கிளம்பிய வேகத்தில் முன்சீட்டின் முதுகு ஃபிரேம் உடைந்து, அவள் அப்படியே மல்லாந்து விழுந்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் சரியான தூக்கம் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்தாலோ அவளுக்குக் குமட்டல். நாளைக்கு இதே சீட்டில் ஐந்து மணி நேரம் போய் அம்மா வீட்டில் இறங்க வேண்டும்.

புது ஃபிரேம் மாட்டியாகிவிட்டது. ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம், சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். சீட்டை மாட்டியவரே அதில் உட்கார வேண்டும். வண்டியை விருட்டென்று கிளப்பி, சடாரென்று நிறுத்துவார்கள். அசையவில்லை என்றால்தான் சாவி கைக்கு வரும்.

மாட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். கடையில் அவர் பெயர் 'மூணு தடவை'. எந்த போல்ட்டையும் மூன்று தடவை முடுக்காமல் விடமாட்டாராம். அப்பேர்ப்பட்டவர், உட்காரச் சொன்னதும் இரண்டடி பின்னால் போய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும்போல அவருக்குப் பதிலா நான் உட்கார்றேன் சார். வண்டிய வேற ஆள் ஓட்டட்டும்," என்றார் முதலாளி.

"அதெல்லாம் வேணாம். தான் செஞ்ச வேலைய அவரே நம்பல. என் பொண்டாட்டி நம்பி உட்காரணுமா? வயித்துல புள்ள இருக்கு சார்."

"விடுங்களேன், எனக்குப் பயமா இருக்கு. வேற கடைக்குப் போயிடலாம்," என்றாள் மனைவி, வயிற்றில் கை வைத்தபடி.

'மூணு தடவை' அவள் பக்கம் திரும்பினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பயப்படாதம்மா. நான் உட்கார்றேன்."

"அண்ணே, வேணாம்ணே," என்றார் முதலாளி.

அவர் ஏறிவிட்டார். முதலாளி வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்தார். பாய்ந்தது, நின்றது. மறுபடி பாய்ந்தது, நின்றது. சீட்டு இம்மிகூட அசையவில்லை. இறங்கியவருக்குத்தான் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. குழாயடிக்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

வாத்தியாருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "சீட்டு கல்லு மாதிரி நிக்குதே. அப்புறம் ஏன் சார் இந்தப் பயம்?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அவர் சம்சாரம் இந்த மாதிரி சீட்டுல உட்கார்ந்திருந்தப்பதான் இறந்தாங்க. பின்னாடி வந்த வண்டி லேசாத்தான் இடிச்சுது. ஃபிரேம்ல ஒரு போல்ட்ட முடுக்கவே இல்ல."

"அடப்பாவி. எவன் சார் அதை மாட்டினது?"

முதலாளி சாவியை நீட்டினார்.

"நான்தான். போலீஸ்ல காட்டிக்கொடுத்துடுவார்னு பயந்துக்கிட்டுக் கிடந்தேன். பத்து நாள் கழிச்சு வந்தார். வேலை கேட்டார். அன்னையிலேருந்து இந்தக் கடையில எந்த போல்ட்டையும் கடைசியா முடுக்குறது அவர்தான்."